பத்துப் பேர் ஏறும் கப்பல்

"மூணு பேருக்குத்தான் சார் எடம்," என்றான் விக்ரம். "கப்பலே அவ்ளோதான். நாங்க இன்னா சார் பண்றது?"

முனிரத்தினம் டப்பாவில் மிச்சமிருந்த தயிர்சாதத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பேரையும் பார்த்தார். மூன்று பேர் கையிலும் ஃபோன். மூன்றிலும் ஒரே கடல்.

"நேத்தும் இதேதானப்பா சொன்னே."

"நேத்தும் இதே கப்பல்தான சார்."

இதற்கு மேல் என்ன கேட்பது? டப்பாவை மூடிக்கொண்டு கை கழுவப் போனார்.

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இருக்கும் வடிவாம்பாள் சில்க்ஸில், இரண்டாம் மாடிக்கு முனிரத்தினம் சூப்பர்வைசர். அந்த மாடி முழுக்க முகூர்த்தப் பட்டு. காலையில் முதல் கல்யாண வீட்டார் படியேறி வந்தால் சாயங்காலம் வரை அவர் வாய் மூடாது. பெண்ணின் அத்தைக்குப் பிடித்தது பெண்ணுக்குப் பிடிக்காது, பெண்ணுக்குப் பிடித்தது மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் பிடிக்காது. எல்லாரையும் ஒரே சேலைக்கு இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவதில் அவரை மிஞ்ச அந்த ரோட்டில் ஆளில்லை. இப்படி நாள் முழுக்க ஊருக்கெல்லாம் பேசுகிற மனிதருக்கு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேச்சுத்துணை கிடையாது. சூப்பர்வைசர் பக்கத்தில் உட்கார்ந்து யார் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்? கடைக்குப் பின்தெருவில் இருந்த கோடவுனில் எல்லாரும் ஒரு மூலையில், அவர் ஒரு மூலையில். பல வருஷமாக அப்படித்தான் நடந்தது.

அதை மாற்றியது கப்பல்.

ஒருநாள் பில் போடும் விக்ரமும், சேலை விரித்துக் காட்டும் சுகாசினியும் சாப்பிட்ட கையோடு ஃபோனில் மூழ்கிக் கிடந்ததை அவர் கையும் களவுமாகப் பிடித்தார். திட்டத்தான் போனார். ஆனால் திரையில் நீலமாகக் கடல் விரிந்து கிடந்தது. பாய் விரித்த கப்பல் ஒன்று ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தது. கொள்ளைக்காரக் கப்பல். எந்தெந்த தேசத்திலோ உட்கார்ந்திருப்பவர்கள் ஒரே கடலில் இறங்கி ஒருத்தரை ஒருத்தர் துரத்துகிற விளையாட்டு. அதன் பெயர் இங்கிலீஷில் ஏதோ இருந்தது. முனிரத்தினம் கடைசிவரை அதைக் "கப்பலு" என்றுதான் சொன்னார்.

"எனக்கும் ஒண்ணு போட்டுக் குடும்மா," என்று ஃபோனை நீட்டினார்.

அன்றிலிருந்து அவர் அந்த மூலைக்குக் குடிவந்துவிட்டார். அவர்கள் கொண்டுவந்த வத்தக்குழம்பை இவர் ருசி பார்த்தார், இவர் வீட்டு முருங்கைக்கீரையை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கடையில் சூப்பர்வைசர் என்பதால் கப்பலிலும் அவரே கேப்டன். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை, அதுவாக அமைந்துவிட்டது.

அவர் கப்பல் ஓட்டிய அழகையும் சொல்லியாக வேண்டும். அவர் தெருவில் பெருமாள் புறப்பாடு வரும்போது முன்னால் நடந்து, எந்த வாசலில் மண்டகப்படி இருக்கிறதோ அங்கே கையைத் தூக்கி வாகனத்தை நிறுத்துவது அவர் பொறுப்பு. கை தூக்கினால் பெருமாள் நிற்பார், தீபாராதனை ஆகும், எல்லாருக்கும் சுண்டல் கிடைக்கும். கையை இறக்கினால் நகர்வார். விவரம் தெரிந்த நாளிலிருந்து இதைச் செய்து பழகிய கை, கடலில் மட்டும் சும்மா இருக்குமா? ஒரு தீவைக் கண்டால் போதும், பாயை இறக்கச் சொல்வார், நங்கூரம் போடச் சொல்வார்.

"இங்க ஒண்ணுமில்ல சார், புதையல் அந்தக் கோடில இருக்குது!" என்று சுகாசினி கத்துவாள்.

"தீவு வந்தா நிக்காம போறது மரியாதையாம்மா? ஒரு நிமிசம் நின்னுட்டுப் போலாம்."

அந்த ஒரு நிமிஷத்தில் பின்னால் துரத்திக்கொண்டு வந்த எதிரி பக்கத்தில் வந்து நின்று, நிதானமாகக் குறி பார்த்து, கப்பலை மூழ்கடித்துவிட்டுப் போவான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அடுத்த தீவு வரும். முனிரத்தினம் கையைத் தூக்குவார்.

ஆடி மாசம் கடை வேன் ஓட்டும் கமலும் விளையாட வந்து சேர்ந்தான். அவன் வந்த அன்றைக்குத்தான் விக்ரம் தலையைச் சொறிந்துகொண்டு, கப்பலில் மூன்று பேருக்குத்தான் இடம் என்கிற விஷயத்தை வெளியிட்டான்.

"சரிப்பா, புதுசா வந்த புள்ள. இன்னிக்கி அவன் ஆடட்டும்," என்று முனிரத்தினம் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார்.

அந்த 'இன்னிக்கி' முடியவே இல்லை. ஆவணி போய்ப் புரட்டாசியும் வந்துவிட்டது.

அவர் விளையாட்டை விட்டுவிடவில்லை. ஒற்றை ஆள் போகிற தோணி ஒன்று உண்டு. அதில் ஏறிக்கொண்டு அவர்கள் கப்பலுக்குப் பின்னாலேயே போவார். கப்பல் கடலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பும்போது, தோணி முதல் தீவில் நின்றுகொண்டிருக்கும். ஒருநாள் அப்படித் திரும்பிய கப்பல் பக்கத்தில் வந்தபோது, அதில் சிவப்புத் துணி கட்டிய நாலாவது தலை ஒன்று தெரிந்தது.

"அது யாருப்பா?"

"பொம்மை சார்," என்றான் விக்ரம் அவசரமாக. "கம்பெனியே குடுக்குது. பீரங்கி போட."

"நல்லாத்தான் குறி பாக்குது."

"பொம்மைக்குக் கை நடுங்காதுல்ல சார்."

முனிரத்தினம் அதை நம்பினார். ஆனால் அவருக்கு வலித்தது. அவர்கள் மூன்று பேரும் ஏதோ ஒரு போரை நினைத்து நினைத்துச் சிரிக்கும்போது, என்ன ஏது என்று தெரியாமல் கூடவே சிரித்து வைப்பது அவமானமாக இருந்தது. கீரையை யாரும் எடுத்துக்கொள்வதில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவர் டப்பாவும் அவரும் பழைய மூலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தார். யார் மேலும் தப்பில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். கப்பல்தான் சின்னது. கப்பல் பெரிதாகிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

"ஏம்மா சுகாசினி, இத செஞ்ச கம்பெனிக்காரன்கிட்ட, பெருசா ஒரு கப்பல் வுடுன்னு கேக்க முடியாதா?"

சுகாசினி விக்ரமைப் பார்த்தாள். விக்ரம் கமலைப் பார்த்தான். கமலுக்குப் பார்க்க ஆளில்லாததால் டப்பாவைப் பார்த்தான்.

"அதுக்குன்னு ஒரு பக்கம் இருக்குது சார்," என்றாள் சுகாசினி. "யார் வேணா யோசனை எழுதலாம். புடிச்சவங்க அம்புக்குறிய அமுக்குவாங்க. நெறைய பேர் அமுக்கினா கம்பெனி பாக்கும். ஆனா அதெல்லாம் ஆவற கதையா சார்? வேணாம், வுட்ருங்க."

"எழுதித்தான் வெப்பமே. நான் சொல்றேன், நீ இங்கிலீஷ்ல போடு."

மறுநாள் மதியம் அவர் சொல்லச் சொல்ல அவள் ஃபோனில் தட்டினாள்.

"பத்து பேர் ஏறணும். யாரும் கரையில நிக்கக் கூடாது. அத மொதல்ல போடு."

"போட்டுட்டேன் சார்."

"முன்னாடி நின்னு கை காட்டறவருக்குத் தனியா ஒரு மேடை. நங்கூரம் சட்டுனு எறங்கணும், சட்டுனு ஏறணும். நடுவுல எல்லாரும் வட்டமா குந்திச் சாப்பிட எடம். பக்கத்துல நீர்மோர் பானை."

"நீர்மோருக்கு இங்கிலீஷ்ல இன்னா சார்?"

"அப்டியே போடும்மா. குடிச்சா தெரிஞ்சிக்கப் போறான்."

"பீரங்கி எத்தினி சார்?"

முனிரத்தினம் கொஞ்சம் யோசித்தார். "பக்கத்துக்கு ஒண்ணு போதும். சத்தம் ஜாஸ்தி இருந்தா பேச முடியாது."

படம் இருந்தால் நல்லது என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருந்தது. மூன்றாம் மாடியில் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிற தேவிப்ரியாவிடம் போய் நின்றார். அவளுக்குக் கப்பல் போட்டுப் பழக்கமில்லை, தெரிந்ததை வைத்துப் போட்டாள். முகப்பில் அன்னப்பட்சி வந்தது. பக்கப் பலகை நெடுக மாங்காய் வந்தது. மூன்று பாயிலும் கோபுர பார்டர் ஏறியது. கொள்ளைக்காரக் கொடியில் மண்டை ஓடு இருக்க வேண்டுமே என்று அவர் சொன்னபோது, "அமங்கலமா இருக்குது சார்," என்று முகம் சுளித்துவிட்டு, அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்துக் கொடுத்தாள்.

யோசனை கடலில் விடப்பட்டது. இரண்டு நாளில் பதில்கள் வந்தன. சுகாசினி படித்துச் சொன்னாள்.

"ஒருத்தன் கேக்கறான் சார், இது கொள்ளையடிக்கப் போற கப்பலா, கல்யாணத்துக்குப் போற கப்பலான்னு."

"நல்ல கேள்விதான். அடுத்தது?"

அவள் அடுத்ததைப் படித்தாள். படித்துவிட்டு ஃபோனைக் கவிழ்த்தாள்.

"இன்னாம்மா போட்ருக்கான்?"

"ஒண்ணுமில்ல சார். நல்லாருக்குதுன்னு..."

"அவ்ளோ நீளமாவா நல்லாருக்குதுன்னு எழுதுவான்?"

"இங்கிலீஷ்ல அப்டித்தான் சார்."

ஒரு வாரம் ஆகியும் அம்புக்குறியை அமுக்கியவர்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம் போல இருந்தது. அதில் ஒருவர் முனிரத்தினம், ஒருவர் தேவிப்ரியா. விக்ரம், சுகாசினி, கமல் மூவரும் தாங்களும் அமுக்கியதாகச் சொன்னார்கள். மனிதர் சும்மா இருப்பாரா? ஓட்டு வேண்டுமென்றால் ஜனங்களிடம் போக வேண்டும். ஜனங்களோ தினமும் படியேறி அவரிடமே வந்துகொண்டிருந்தார்கள்.

தாமலிலிருந்து வந்த ஒரு கல்யாண வீட்டாரிடம் ஆரம்பித்தார். அரக்குச் சேலையை மடித்து வைத்த கையோடு, "ஒரு சின்ன ஒத்தாசம்மா, உங்க ஃபோன்ல இந்த அம்புக்குறிய ஒரு அமுக்கு அமுக்கிட்டுப் போங்க," என்றார்.

"அமுக்குனா எவ்ளோ கொறைப்பீங்க?" என்று கேட்டாள் பெண்ணின் அம்மா.

அங்கே ஐந்து ஓட்டு விழுந்தது. அடுத்து வந்த கூட்டத்தில் எட்டு. மனிதருக்குத் தெம்பு வந்துவிட்டது. மூன்றாம் நாள் திருப்புட்குழியிலிருந்து வந்த ஓர் அம்மாள் மட்டும் ஃபோனை முந்தானையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, நேராகக் கீழே இறங்கிப் போய் முதலாளி குப்புசாமியிடம் சொல்லிவிட்டாள். மேலே ஓர் ஆள் எல்லார் ஃபோனையும் வாங்கி எதையோ அமுக்கிக்கொண்டிருக்கிறான், பேங்க்கில் இருப்பது பத்திரமா என்று கேட்டாளாம்.

குப்புசாமி மாடி ஏறி வந்தார். அவர் படியேறுவது வருஷத்துக்கு இரண்டு தடவை, ஆயுதபூஜைக்கும் கணக்கு முடிக்கும்போதும்தான்.

"இன்னா முனிரத்தினம், வர்றவங்க ஃபோன வாங்கி இன்னாத்தயோ அமுக்கினு இருக்கியாமே?"

விளையாட்டு என்று சொன்னால் நாலு பேருக்கும் வேலை போகும். கையில் தேவிப்ரியா போட்ட படம் இருந்தது. முனிரத்தினம் அதை நீட்டினார்.

"தீபாவளிக்கி நம்ம கடை வாசல்ல வெக்கலாம்னு ஒரு டிசைன் மொதலாளி. ஜனங்களுக்குப் புடிக்குதான்னு கேட்டுக்கினு இருந்தேன்."

பொய் சொல்லி முடித்தபோது அவருக்கே அது நன்றாகத்தான் இருந்தது. குப்புசாமி படத்தை வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு, நெடுநேரம் பார்த்தார்.

"போன வருசம் எதுத்த கடைக்காரன் யானை வெச்சான்," என்றார் மெதுவாக.

"ஆமா மொதலாளி."

"இதுல எத்தினி பேர் நிக்கலாம்?"

"பத்து பேர் மொதலாளி."

"பத்து பொண்ணுங்க, பத்து பட்டு..." குப்புசாமியின் கண் எங்கோ போய் வந்தது. "செய்யி. மரத்துலயே செய்யி. கோடவுன்ல ஆசாரிய உக்கார வெக்கிறேன், நீயே கூட நின்னு பாத்துக்கோ. மண்டை ஓட்டுக்குப் பொட்டு வெச்சிருக்கியே, அது நல்லாருக்குது."

இப்படித்தான் கோடவுனுக்குள் கப்பல் வந்தது. முதல் நாள் அடிமரம் வந்தது. இரண்டாம் நாள் பலகை அடுக்கினார்கள். அந்த வாரம் முடிவதற்குள், மதியம் உட்கார்ந்து சாப்பிட ஒரு மூலைகூட மிச்சமில்லை. ஒரே மரத்தூள். மழை வருகிற மாதம், தீபாவளிக்குள் முடிக்க வேண்டும் என்பதால் சாப்பாட்டு நேரத்தில் விக்ரம் ஆணி எடுத்துக் கொடுத்தான், கமல் பலகை பிடித்தான், சுகாசினி பாய்க்குச் சேலை மடித்தாள். ஃபோனைத் தொட யாருக்கும் நேரமில்லை. விளையாட இடம் கேட்ட மனிதரால் மற்றவர்கள் விளையாட்டும் போயிற்று.

"உங்க யோசனை சூப்பர் சார்," என்றான் கமல், விரலில் குத்திய சிராயைப் பல்லால் பிடுங்கிக்கொண்டே.

முனிரத்தினத்துக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் எல்லாரும் மறுபடி ஒரே கப்பலைச் சுற்றி நிற்கிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். அதை மறைக்க அவருக்குத் தெரியவில்லை. தினமும் எல்லாருக்கும் வடை வாங்கி வந்தார்.

கோடவுன் கேட்டில் வாட்ச்மேன் பழனி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காதில் எப்போதும் செருகியிருக்கும் ஒயர் இப்போது கழுத்தில் தொங்கியது.

"இன்னா பழனி, ஒரு மாரி இருக்கே?"

"இன்னா சார் பண்றது? மத்தியானமானா பொழுதே போவ மாட்டேங்குது," என்றான் பழனி. முனிரத்தினம் அவனுக்கும் ஒரு வடை கொடுத்தார்.

கப்பல் முடிந்தது. அன்னப்பட்சிக்குக் கண் திறந்தார்கள். ஆசாரி சுற்றி வந்து பார்த்துவிட்டு, கோடவுன் வாசலைப் பார்த்தார், மறுபடி கப்பலைப் பார்த்தார்.

"சார், வாசல அளந்தீங்களா?"

"நீங்க அளக்கலையா?"

"உங்களத்தான் கேப்டன்னு சொன்னாங்க."

கப்பல் வாசலைவிட அகலம். அறுத்து எடுக்கலாம் என்றார் ஆசாரி. முதலாளி கூடாது என்றார், தீபாவளிச் சமயத்தில் முழுசாக இருப்பதை அறுப்பார்களா? நிலையைப் பெயர்த்தார்கள். அப்போதும் அன்னப்பட்சியின் வால் இடித்தது. கேட் தூண் ஒன்றையும் எடுத்தார்கள். வெளியே வந்த பிறகுதான், அந்தத் தெருவுக்குள் லாரி திரும்பாது என்பது எல்லாருக்கும் ஞாபகம் வந்தது.

"தோள்லதான் தூக்கணும்," என்றார் முனிரத்தினம். அந்த ஊரில் அது ஒரு பெரிய விஷயமே இல்லை. அடியில் நீள மூங்கில்களைக் கட்டினார்கள். தறி நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்திருந்த தெருக்காரர்கள் பாதிப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோள் கொடுத்தார்கள். முன் மூங்கிலில் விக்ரமும் கமலும். கேபிள் ஒயர்களைக் கொம்பால் தூக்கிப் பிடிக்க ஒருவர். கடைகள் வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில் கப்பல் பின்தெருவிலிருந்து காந்தி ரோட்டுக்குத் திரும்பியது. முன்னால் முனிரத்தினம், கப்பலைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்து வந்தார்.

முதல் கடை வாசல் வந்தது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாக எழுந்தது.

கப்பல் நின்றது.

கல்லாவில் பத்தி கொளுத்திக்கொண்டிருந்த கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். வாசலில் ஏதோ ஒன்று ஆட்கள் தோளில் வந்து நிற்கிறது. அவரும் யோசிக்கவில்லை. உள்ளே ஓடிப்போய்க் கற்பூரத் தட்டோடு வந்து, மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான், "இது இன்னாங்க?" என்று கேட்டார்.

இதைப் பார்த்துவிட்ட இரண்டாவது கடைக்காரர் தேங்காயோடு தயாராக நின்றார். மூன்றாவது கடையில் நீர்மோர். நாலாவது கடைக்காரருக்கு எதுவும் கிடைக்காமல், டீக்கடையிலிருந்து சுண்டல் வரவழைத்து ஆளுக்கு ஒரு தொன்னை கொடுத்தார். ஒரு சின்ன ஜாக்கெட் துணிக்கடையைத் தாண்டி நகர்ந்தபோது, கடைக்கார அம்மாள் இறங்கி வந்து மறித்தாள்.

"எல்லார்ட்டயும் நின்னுட்டு எங்க கடைய மட்டும் தாண்டிப் போறீங்களே, நாங்க இன்னா பாவம் பண்ணோம்?"

கப்பல் பின்னால் வந்து நின்று மரியாதை வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு கடையையும் விட முடியவில்லை. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரன் அடிக்காமல் ஊர்ந்தது, டிரைவர் ஒரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் பார்த்தார்கள்.

"கடல்லயும் இதே, ரோட்லயும் இதேவா?" என்று முனகினான் கமல், மூங்கிலைத் தோள் மாற்றிக்கொண்டே.

"வாய மூடுடா," என்றான் விக்ரம். "சார் காதுல வுழப் போவுது."

முனிரத்தினம் காதில் எதுவும் விழவில்லை. அவர் முகம் வேர்த்து, மினுமினுவென்று இருந்தது. கையைத் தூக்கினால் அத்தனை தோளும் நின்றது, இறக்கினால் நகர்ந்தது. எதிரி யாரும் வந்து சுடவில்லை. அவருக்கு வாழ்க்கையில் அப்படி ஒரு காலை அமைந்ததில்லை.

ஒரு கூப்பிடு தூரத்தைக் கடக்க உச்சிவேளை ஆகிவிட்டது. வாசலில் காத்திருந்த குப்புசாமி ஆரம்பத்தில் பல்லைக் கடித்தார். அப்புறம் கப்பலுக்குப் பின்னால் வந்த ஜனத்தைப் பார்த்தார். போன வருஷம் யானை வைத்தவரே வந்து சூறைத் தேங்காய் உடைத்தபோது, கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சுகாசினிக்கு என்ன தோன்றியதோ, ஊர்வலத்தை வீடியோ எடுத்து, அந்த விளையாட்டுப் பக்கத்தில் முனிரத்தினத்தின் யோசனைக்குக் கீழே போட்டாள். அன்று ராத்திரி எந்தெந்த தேசத்திலோ ஜனங்கள் அம்புக்குறியை அமுக்கித் தள்ளினார்கள்.

இரண்டு நாள் கழித்து, கடை திறக்கும் முன் அவளே ஓடி வந்தாள். முனிரத்தினம் வாசலில் கப்பல் மேல் ஏறி நின்று பாயின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். கீழே விக்ரமும் கமலும் கயிறு இழுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், கம்பெனிக்காரனே எழுதிருக்கான்! உங்க கப்பல செய்யப் போறாங்களாம். பத்து பேர் ஏறலாமாம். அந்த மண்டை ஓட்டுப் பொட்டும் இருக்குமாம்."

முனிரத்தினம் பாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"மேல ஏறுங்கப்பா, எல்லாரும்."

மூன்று பேரும் ஏறினார்கள். ஒருவரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னிக்கி சொல்லிடறேன். நீங்கள்லாம் ஒண்ணா குந்தி ஆடும்போது எனக்குக் கஷ்டமா இருந்திச்சி. வீட்ல கூட சொல்லல. ஆனா உங்க மேல எனக்கு ஒரு நாளும் கோவம் வந்ததில்ல. எடம் இருந்தா ஏத்திக்காமலா போவீங்க? கப்பலு சின்னது, நீங்க இன்னா பண்ணுவீங்க? இனிமே யாரும் கரையில நிக்க வேணாம்."

சுகாசினி மூக்கை உறிஞ்சினாள். விக்ரம், "சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்," என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணும் சொல்லாதே. எனக்குத் தெரியும்," என்று அவன் தோளைத் தட்டினார் முனிரத்தினம்.

அந்த நேரம் பார்த்து, கோடவுன் சாவியைக் கொடுக்க பழனி வந்தான். தலையில் கட்டியிருந்த சிவப்புத் துண்டை அவிழ்த்துக்கொண்டே அண்ணாந்து கப்பலைப் பார்த்தான். பேச்சு அவன் காதிலும் விழுந்திருந்தது. முகமெல்லாம் மலர்ந்தது.

"அட, நீங்களும் அந்த ஃபோன் கப்பலு ஆடுவீங்களா சார்? தெரியாமப் போச்சே! டியூட்டில ஆடறேன்னு திட்டுவீங்கன்னு நான் ஒளிஞ்சி ஒளிஞ்சி ஆடிக்கினு இருந்தேன்."

"நீயுமா பழனி? வா வா, ஏறு. புதுக் கப்பல்ல உனக்கும் எடம் இருக்குது."

"அதுக்கு எதுக்கு சார் புதுசு? விக்ரம் தம்பி கப்பல்ல அஞ்சு பேர் ஏறலாம். நாலாவதா நின்னு பீரங்கி போடறது நாந்தான், அந்த அஞ்சாவது எடம் ஆடிலேர்ந்து சும்மாவேதான சார் கெடக்குது!"